இறக்கத்தில்தான் தெரியும் கியரின் குணம்

ஊவா மலைத் தோட்டங்களில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை எங்கே நிறுத்தினாலும் அதன் மூக்கு பள்ளத்தைப் பார்த்தே இருக்கும். எல்லாம் பெட்டரிக்குப் பயந்துதான். மார்கழிக் குளிரில் விடியற்காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடு சரி. டிரைவர் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டார். சில்லுக்கு அண்டை கொடுத்த கல்லை ஒருவர் உதைத்துத் தள்ள, இவர் இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை மிதித்தபடி வண்டியை உருள விடுவார். முடக்கு வருவதற்குள் கிளச்சை விட்டால் ஒரு குலுக்கல், கொஞ்சம் கறுப்புப் புகை. எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

ஒட்டோ கியர் வண்டியில் இந்த வித்தை பலிக்காது. அதன் கியர் பொக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தம் இருந்தால்தான் கியர் பிடிக்கும். அந்த அழுத்தத்தைத் தரும் பம்ப், எஞ்சின் சுழன்றால்தான் சுழலும். எஞ்சின் செத்துக் கிடக்கையில் பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் வண்டி உருளுமே தவிர எஞ்சின் அசையாது.

இந்த ஒன்றை வைத்துக்கொண்டே 'மலைக்கு மெனுவல்தான்' என்று வாதிடுபவர்களைப் பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக் கராஜ்களில் இன்றும் காணலாம். வாதம் பழசு. அதற்குப் புது உயிர் வந்தது 2025-இல். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் பழைய வண்டியையே ஒட்டுப்போட்டு ஓட்டியவர்கள் புதிதாக ஒன்றைப் பார்க்கப் போனால், கடையில் இருப்பதில் பெரும்பாலானவற்றில் கிளச் மிதியையே காணோம். தோட்டங்களில் ஒரு தலைமுறைக்கே ஜீப் என்றால் லேண்ட் ரோவர்தான் என்றிருந்தது. அதன் வாரிசான புதிய டிஃபெண்டர் ஒட்டோவில் மட்டுமே வருகிறது. சுஸுகி ஜிம்னியில் இரண்டும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்து ஆராய்ச்சி மையத்தில் உருவாகி 2020-இல் விற்பனைக்கு வந்த மஹிந்திரா தார், முதல் தடவையாக ஒட்டோவையும் சேர்த்துக்கொண்டது. அவுஸ்திரேலியாவின் செம்மண் பண்ணைகளில் மெனுவலுக்கே பேர் வாங்கிய டொயோட்டா லேண்ட் குரூசர் 70-க்கும் 2023-இல் அங்கே ஆறு வேக ஒட்டோ வந்துவிட்டது.

உலகம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்பது சரி. ஆனால் உலகத்துச் சாலைகளும் ஊவாவின் தோட்டப் பாதைகளும் ஒன்றா?

ஐம்பது லீற்றர் கொதிநீர்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். இரண்டுக்கும் இடையில் தெமோதரை, பண்டாரவளை, தியத்தலாவை என்று ஊர்கள் ஏறியும் இறங்கியும் கிடக்கின்றன. பிரதான வீதிகளின் நிலை இதுவென்றால், அவற்றிலிருந்து பிரியும் தோட்டப் பாதைகளைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கல் பாவிய பாதை, நடுவில் புல் முளைத்த இரண்டு தடம், வளைவில் மட்டும் கொங்கிறீட், மழை விட்டால் சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும் செம்மண். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் முடக்குகளில் நீளமான கெப் வண்டி ஒரே வெட்டில் திரும்பாது. ஒரு தடவை ரிவர்ஸ் அடித்துத்தான் ஆகவேண்டும், அதுவும் பின்சில்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இரண்டடி இருக்கும்போது.

ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஊவாவில் ஆளைக் கொல்வது இறக்கம்.

எல்லயிலிருந்து வெல்லவாய வரையிலான வீதியை எடுத்துக்கொள்ளலாம். முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், ராவணா அருவியைத் தாண்டி, ஏறத்தாழ 800 மீற்றர் கீழே இறங்குகிறது. ஆட்களோடும் சாமான்களோடும் இரண்டு தொன் எடையுள்ள ஒரு ஜீப் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவிடும் சக்தியைக் கணக்குப் போட்டால், ஐம்பது லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அந்த வெப்பம் எங்கேயாவது போயாக வேண்டும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்கவேண்டும், இல்லையென்றால் நான்கு சில்லிலும் உள்ள பிரேக் வாங்கவேண்டும். இந்த இரண்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கியர்தான் தீர்மானிக்கிறது.

பிரேக்குக்கே எல்லாவற்றையும் கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் பிரேக் பேட் சூடேறிப் பிடி குறையும், எரிந்த வாசம் வரும். பிறகு பிரேக் எண்ணெய். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகைக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது தர விதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாதி. ஈரம் ஏறிய பிறகு அதே எண்ணெய்க்கு விதி கேட்பது வெறும் 140 பாகை. ஊவாவின் பனியிலும் மழையிலும் மூன்று நான்கு வருடம் மாற்றாமல் விட்ட எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவிக் குமிழாகிவிட்டால், மிதித்த கால் நேரே தரைக்குப் போகும்.

2025 செப்டெம்பர் 4 இரவு, இதே எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களையும் குடும்பத்தினரையும் ஏற்றிவந்த பஸ், எதிரே வந்த ஜீப்பில் மோதி, பாதுகாப்பு வேலியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் இறந்தார்கள். பஸ்ஸுக்கும் ஜீப்புக்கும் கியர் வேறு, எடை வேறு. ஆனாலும் அந்த இறக்கம் இரண்டுக்கும் ஒரே இறக்கம்தான்.

துரை ஜீப்பின் இரண்டு கம்பு

1890-இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்களை வாங்கியபோது மோட்டார் வண்டி என்ற பேச்சே இல்லை. மலையில் பறித்த கொழுந்தைக் கீழே அனுப்பக் கம்பிவடம் கட்டினார்கள். மிச்சத்தை மாடும் மனிதத் தலையும் சுமந்தன. 1924-இல் ரயில் பதுளை வரை வந்துசேர்ந்தது. ஆனால் ரயில் நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலான அந்தச் சில மைல்கள்தான் எப்போதும் பிரச்சினை.

1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதலில் காட்டப்பட்டது. பிரித்தானியத் துரைமார் நடத்திய தோட்டங்களுக்கு அது வந்துசேர்ந்ததில் வியப்பில்லை. கியர் கம்புக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்று, சிவப்புக் குமிழ் ஒன்று. மஞ்சளை அமுக்கினால் நான்கு சில்லும் இழுக்கும். சிவப்பு, 'லோ' போடுவதற்கு. பெட்டிக்குள் இருக்கும் நான்கு கியரும் அந்த ஒரு அசைவில் எட்டாகிவிடும். அதிலும் லோவில் முதலாம் கியர் போட்டால் ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி மலையேறும், அதே வேகத்தில் மலையிறங்கும். பிரேக்கில் காலே வைக்க வேண்டாம்.

ஆனால் அந்த வண்டி யாருக்கும் சும்மா வசப்படவில்லை. 1971-இல் வந்த மூன்றாம் சீரிஸ் வரைக்கும் கீழ்க் கியர்கள் தாமாக இணங்கிவராது. நடு இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வர, கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, எக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளச்சை மிதித்துப் போடவேண்டும். தவறினால் பல்லோடு பல் அரைபடும் சத்தம் பங்களா வரை கேட்கும். அதனால்தான் தோட்டத்து டிரைவருக்கு அவ்வளவு மதிப்பு. 'எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு' என்ற அந்தக் காலத்து விதி இன்றைக்கும் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அதே 1948-இல் அமெரிக்காவில் பியூக் கம்பெனி 'டைனாஃப்ளோ' என்ற ஒட்டோ கியரைக் கொண்டுவந்தது. இன்றைய ஒட்டோ ஜீப்புகள் பெரும்பாலானவற்றில் உள்ள டோர்க் கன்வேட்டரை அமெரிக்கக் கார்களில் பெருமளவில் கொண்டுவந்தது அதுதான். அதன் வேர் உலகப்போர்க் கவச வண்டிகளில் இருந்தது. சொகுசுக்காரருக்குப் பிறந்த பொருள் என்று ஒட்டோவை இகழ்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஏற்றத்தில் ஒட்டோவுக்கே வெற்றி

டோர்க் கன்வேட்டர் என்பது எண்ணெய் நிரம்பிய ஒரு வட்டப் பெட்டி. எதிரெதிரே இரண்டு விசிறிகள். எஞ்சின் சுழற்றும் விசிறி எண்ணெயை வீச, அந்த வீச்சு மற்ற விசிறியைத் தள்ளுகிறது. நடுவில் நிற்கும் மூன்றாவது சிறு விசிறி, திரும்பிவரும் எண்ணெயைத் திசைமாற்றி மீண்டும் தள்ளவிடுவதால், வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணத்தில் எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருகுகிறது. இரும்பும் இரும்பும் உரசவில்லை. கிளம்பும்போது தேய்வதற்குத் தட்டு எதுவுமில்லை.

மலையில் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும். முன்சில்லு ஒரு கல்லில் முட்டி நிற்கிறது என்று வையுங்கள். மெனுவலில் கிளச்சைப் பாதி பிடித்து, எக்ஸிலேட்டரை ஏற்றி, எஞ்சின் நின்றுவிடாமலும் வண்டி பாயாமலும் பார்க்கவேண்டும். கொஞ்சம் கூடினால் கல்லைத் தாண்டிக் குதிக்கும், கொஞ்சம் குறைந்தால் செத்துப் பின்னால் உருளும். ஒட்டோவில் இடது கால் சும்மா இருக்கும். வலது காலை மெதுவாக அழுத்த, டயர் கல்லில் சாய்ந்து நின்று, பிடி கிடைத்ததும் ஏறிக்கொள்ளும். சேற்றிலும் அப்படித்தான். மெனுவலில் கியர் மாற்றும் அந்த அரை வினாடி இழுவை அறுந்தால் வண்டி புதைந்துவிடும். ஒட்டோவில் இழுவை அறுவதில்லை.

முடக்கில் ரிவர்ஸ் அடிக்கும்போது நடப்பதையும் சொல்லவேண்டும். மேட்டைப் பார்த்து நிற்கும் பாரமேற்றிய கெப்பை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கும் முன்னுக்கும் எடுக்கையில் கிளச் தட்டு அரைபட்டுக் கருகும் வாசம், தேயிலை வாடும் வாசத்தோடு கலந்து வரும். பழகாத கை ஒரே பருவத்தில் ஒரு கிளச்சைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட கைக்கு ஒட்டோவே மலிவு.

உயரத்தின் கணக்கும் ஒன்றுண்டு. டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் சுமார் 10 வீதம் பலம் இழக்கிறது. அப்புத்தளையில் நிற்கும் சின்ன பெற்றோல் ஜீப்புக்குக் கொழும்பில் இருந்த பலத்தில் ஏழில் ஒரு பங்கு இல்லை. கன்வேட்டரின் பெருக்கல் அந்த இடத்தில் கைகொடுக்கும்.

இறக்கத்தில் அந்தப் பெருக்கல் இல்லை

வாதம் தலைகீழாவது இங்கேதான். டோர்க் கன்வேட்டர் விசையைப் பெருக்குவது எஞ்சின் சில்லைத் தள்ளும்போது மட்டும். இறக்கத்தில் சில்லுதான் எஞ்சினைத் தள்ளுகிறது. அப்போது பெருக்கல் கிடையாது. கியரின் விகிதம் என்னவோ அதுதான் பிடி.

ஜிம்னியையே பாருங்கள். மெனுவலில் முதலாம் கியரின் விகிதம் 4.425. நான்கு வேக ஒட்டோவில் 2.875. இரண்டிலும் லோ போட்டால் அது இன்னொரு இரண்டு மடங்கு. ஆக மெனுவலுக்கு ஏறத்தாழ 8.9, ஒட்டோவுக்கு 5.8. ஏறும்போது கன்வேட்டர் இந்தக் குறையை நிரப்பிவிடும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அதே பாதையில் திரும்பி இறங்கும்போது குறை அப்படியே வெளியில் வரும். மெனுவல் ஜிம்னி பிடித்துக்கொண்டு இறங்கும் இடத்தில் ஒட்டோ ஜிம்னி நழுவும், கால் பிரேக்கைத் தேடும்.

இதைக் கம்பெனிகளும் அறியும். இறக்கத்தில் தானாகவே பிரேக்கைத் தட்டித் தட்டி வேகத்தைப் பிடிக்கும் வசதியை லேண்ட் ரோவர் 1997-இல் ஃப்ரீலாண்டரில் கொண்டுவந்தது. காரணம் வெளிப்படையானது. அந்த வண்டியில் லோ கியர் இல்லை. இன்று ஜிம்னி முதல் பெரிய வண்டிகள் வரை அந்தப் பொத்தான் இருக்கிறது. ஐம்பது, நூறு மீற்றர் செங்குத்துச் சரிவுக்கு அது தங்கமான உதவி. ஆனால் அது பயன்படுத்துவதும் அதே பிரேக்கைத்தான், கொதிப்பதும் அதே எண்ணெய்தான். லிப்டன் இருக்கை என்ற மலை முகட்டிலிருந்து டம்பேதன்னைத் தொழிற்சாலை வரை ஏழு கிலோமீற்றர் தோட்டப் பாதையில் பொத்தானை நம்பி இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

அப்படியென்றால் ஒட்டோவில் எஞ்சின் பிரேக் இல்லையா? இருக்கிறது. கம்பை D-யில் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் வினை. D-யில் வண்டி வேகம் கூடக்கூட மேல் கியருக்குத் தாவும், இறக்கத்தில் அது பிடியை விட்டுக்கொடுப்பதற்குச் சமம். L, 2, அல்லது கழித்தல் குறி போட்ட இடத்துக்குக் கம்பை இழுத்தால் கீழ்க் கியர் நிலைத்து நிற்கும். இழுக்கவேண்டிய இடம் வளைவின் நடு அல்ல, இறக்கம் தொடங்குமுன். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விடுமுறைக்கு மலையேறி வருபவர்களில் எத்தனையோ பேர், வாங்கிய நாளிலிருந்து அந்தக் கம்பை P, R, D தவிர வேறெங்கும் அசைத்ததில்லை. வண்டியின் குறையாக அதைச் சொல்லமுடியாது. ஆனால் மெனுவல் ஓட்டுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. எந்தக் கியரில் இருக்கிறோம் என்று தெரியாமல் அவரால் ஒரு மைல்கூடப் போகமுடியாது.

எல்லா ஒட்டோவும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். இந்த மலைகளில் ஓடும் ஜப்பான் ரீகண்டிஷன் கார்கள் பலவற்றில் இருப்பது சிவிடி. இரண்டு கூம்புத் தட்டுகளுக்கிடையே ஓடும் உருக்குப் பட்டி அது. தட்டையான ஊருக்கு நல்லது. பாரத்தோடு நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் சூடேறும். சிலவற்றில் இரட்டைக் கிளச். ஹொண்டாவின் ஃபிட், வெஸல் ஹைபிரிட் கார்களில் வந்த ஏழு வேக இரட்டைக் கிளச் பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக, 2013-14 காலத்தில் ஜப்பானில் அக்கார்கள் பல தடவை திரும்ப அழைக்கப்பட்டன. உயரமாக நிற்கும் வண்டி, முன்னால் ஜீப் மாதிரி முகம் என்பதற்காக இவற்றைத் தோட்டப் பாதைக்கு எடுப்பது வேண்டாத வேலை. கன்வேட்டர் உள்ள ஒட்டோவும், உண்மையான லோ கியரும் சேர்ந்தால்தான் மெனுவலோடு ஒப்பிடவே தகுதி வரும்.

கராஜ் எங்கே இருக்கிறது?

கிளச் தட்டு மாற்றத் தெரியாத கராஜ் பாஸ் ஊவாவில் இல்லை. கியர் பொக்ஸை இறக்கி, தட்டும் பிரஷர் பிளேட்டும் பெயாரிங்கும் போட்டு, அடுத்த நாள் வண்டியை விட்டுவிடுவார்கள். ஒட்டோ பெட்டி அப்படியில்லை. உள்ளே நூற்றுக்கணக்கான துண்டுகள், வால்வுகள், மின்கட்டுப்பாடு. அதைத் திறக்கும் கை அநேகமாகக் கொழும்பில்தான் இருக்கும். அது வரை வண்டி போகவும் வேண்டும். நின்றுபோன ஒட்டோ ஜீப்பைத் தோட்டத்து ட்ராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பத்து மைல் போனால், பம்ப் சுழலாமல் எண்ணெய் ஓடாமல், இருந்த கொஞ்ச நஞ்சமும் கருகிவிடும். லோ கியர் உள்ள ஜீப்பில் ட்ரான்ஸ்பர் பொக்ஸை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டு இழுக்கலாம். எத்தனை பேருக்கு அது ஞாபகம் வரும் என்பது வேறு கதை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, மண்சரிவால் துண்டிக்கப்பட்ட பாதைகளில் தோட்டங்கள் தனித்துக் கிடந்தன. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தை லயங்களை மலை விழுங்கியதைக் கண்ட மாவட்டம் இது. அப்படிப்பட்ட நேரத்தில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஈர மண்ணைத் தாண்டும் வண்டி எந்தக் கியர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் கராஜுக்குப் பாதையே இல்லாத வாரங்களில், சுத்தியலும் ஸ்பனரும் வைத்தே சரிசெய்யக்கூடிய வண்டிக்குத் தனி மதிப்பு.

கொழுந்து லொறி இன்னும் மெனுவல்தான், சில காலத்துக்கு அப்படியே இருக்கும். எக்ஸோஸ்ட் பிரேக்கோடு இரண்டாம் கியரில் முக்கி முக்கி இறங்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டே தொழிற்சாலைக்காரர் அடுத்த கொழுந்து வருகிறதென்று அறிவார்.

மின்சார ஜீப் பக்கம் ஒரு பார்வை. அதில் மோட்டாரே பிரேக்காக மாறி, இறக்கத்துச் சக்தியைப் பெட்டரிக்குத் திருப்பும். கேட்க அமிர்தமாய் இருக்கும். அப்புத்தளையில் இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் பெரகலை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினால், நிரம்பிய பெட்டரி மேலும் வாங்காது. அந்தக் கணத்தில் மறுபடி பிரேக்தான் கதி. மலையில் இருப்பவர் முழுதாகச் சார்ஜ் பண்ணாமல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது.

யாருக்கு எது? தோட்டத்துக்குள்ளேயே சுற்றும், பல டிரைவர்கள் கைமாறும், பாரம் ஏற்றும் வேலை வண்டிக்கு லோ கியருள்ள மெனுவல் டீசலே சரி. ஒருவரே ஓட்டும் மேலாளர் ஜீப்புக்கும், உல்லாசப் பயணிகளை ஏற்றி நாளெல்லாம் நின்று நின்று ஏறும் வண்டிக்கும், முழங்கால் வலி தொடங்கிய வயதுக்கும் கன்வேட்டர் ஒட்டோ. ஆனால் அந்த ஒட்டோவுக்கு லோ வேண்டும், ஓட்டுகிறவருக்கு L என்ற எழுத்து தெரிந்திருக்கவேண்டும். லோ கியர் இல்லாத மெனுவலா, லோ கியருள்ள ஒட்டோவா என்று கேட்டால், மலைப்பாதைக்கு இரண்டாவதை எடுப்பதே மேல்.

பழைய வண்டி வாங்குகிறவர் பதுளை டவுணுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முடிவெடுக்கக்கூடாது. ஹாலிஎலக்கு மேலே ஏதாவது ஒரு சரிவில் நிறுத்தி, லோவில் முதலாம் கியரோ L-ஓ போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பார்க்கவேண்டும். நடக்கும் வேகத்தில் தானாக இறங்கினால் சரி. மெனுவல் என்றால் மேட்டில் மூன்றாம் கியரில் எக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்க வேண்டும். எஞ்சின் சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளச் முடிந்துவிட்டது. ஒட்டோ என்றால் அளவுகோலை உருவி எண்ணெயை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பாய் இருந்தால் பேரம் பேசலாம். கறுத்துக் கருகிய வாசம் வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பலாம்.